நூலகர்கள் விக்கிபீடியாவுக்குப் போன கதை

நீளமான பனிமலைச் சரிவு. அதில் எறும்பு வரிசை போல மனிதர்கள். ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு மூட்டை. 1898ல் அலாஸ்காவின் சில்கூட் கணவாயில் எடுக்கப்பட்ட இந்த மாதிரிப் புகைப்படத்தை உங்களில் பலர் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கனடாவின் குளோண்டைக் பகுதியில் 1896ல் தங்கம் கிடைத்தது. செய்தி பரவியதும் ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை விட்டுவிட்டு வடக்கே ஓடினார்கள். ஒரு வருடத்துக்கான சாப்பாடும் சாமானும் கையில் இல்லாதவர்களைக் கனடா போலீஸ் எல்லைக்குள் விடவில்லை. அது கிட்டத்தட்ட ஒரு டன்! அதனால் ஒரே மலையில் திரும்பத் திரும்ப ஏறி இறங்கிச் சாமானைச் சுமந்தார்கள். அந்தக் காட்சிகளைப் படம் பிடித்தவர்களில் முக்கியமானவர் எரிக் ஹெக் என்ற புகைப்படக்காரர். சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர்.

ஹெக் எடுத்த படங்களின் பெரிய தொகுப்பு ஒன்று சியாட்டில் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. இது மட்டுமல்ல. 1909ல் அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே நடந்த அலாஸ்கா-யூகான்-பசிபிக் கண்காட்சியின் படங்களும் அங்கே இருக்கின்றன. இயற்பியல் வகுப்பில் ஒரு தொங்கு பாலம் பாம்பு மாதிரி நெளிந்து உடைந்து விழும் படத்தைக் காட்டியிருப்பார்களே, அந்த டகோமா நாரோஸ் பாலத்தைப் பற்றிய ஆவணங்களும் உண்டு. 1940 ஜூலையில் திறந்து அதே ஆண்டு நவம்பர் 7ல் விழுந்த பாலம் அது. அதை ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியர் பார்குவார்சன் இதே பல்கலைக்கழகத்துக்காரர்தான்.

இந்தப் படங்களையெல்லாம் நூலகம் பாடுபட்டு ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுதி, தன் இணையதளத்தில் போட்டுவைத்திருந்தது. பூட்டு இல்லை, கட்டணம் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

ஆனால் யார் வந்தார்கள்? அங்கேதான் சிக்கல்.

நூறில் இரண்டு பேர்

உலகம் முழுக்க நூலகங்களுக்குச் சேவை செய்யும் ஓசிஎல்சி என்ற அமைப்பு 2005ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், இந்தியா என்று 6 நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டிருந்தார்கள். ஒரு தகவல் வேண்டுமென்றால் முதலில் எங்கே போவீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. தேடுபொறிக்கு என்று சொன்னவர்கள் 84 சதவீதம். நூலகத்தின் தளத்துக்கு என்றவர்கள் வெறும் 1 சதவீதம். கல்லூரி மாணவர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அது 2 சதவீதம். நூலகத்துக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் மாணவர்களே இவ்வளவுதான் என்றால் மற்றவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஐந்தொகையில் சொத்து என்று பெரிய தொகை காட்டலாம். அந்த இயந்திரம் ஒரு நாள்கூட ஓடவில்லை என்றால் அதனால் யாருக்கு என்ன லாபம்?

நூலகத் துறைக்கு இந்தக் கவலை புதிதல்ல. சீர்காழியில் பிறந்து 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைக்கும் அமெரிக்க நூலகப் படிப்புகளில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நூல்கள் இருப்பது பயன்படுவதற்காக என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளின் சாரத்தில் சேர்ந்தவை. அதாவது வாசகர் தேடி வருவார் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. நூலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் நூலகர் வேலைதான்.

சரி, 2006ல் வாசகர்கள் எங்கே இருந்தார்கள்? கூகிளில் எதைத் தேடினாலும் முதல் சில முடிவுகளில் ஒரு தளம் வந்து நின்றது. விக்கிபீடியா. 2001 ஜனவரி 15ல் தொடங்கி 2006 மார்ச்சில் ஆங்கிலத்தில் மட்டும் பத்து லட்சம் கட்டுரைகளைத் தொட்டிருந்தது.

வேண்டாத இடம்

ஆனால் நூலகர்களுக்கு விக்கிபீடியா என்றாலே அப்போது முகம் சுளிக்கும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பதை எப்படிக் கலைக்களஞ்சியம் என்று ஏற்றுக்கொள்வது? 2005ல் ஜான் செய்கந்தாலர் என்ற மூத்த பத்திரிகையாளரைப் பற்றிய கட்டுரையில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று யாரோ விளையாட்டாக எழுதிவைத்தார்கள். நான்கு மாதம் போல அது அப்படியே கிடந்தது! அதே ஆண்டு டிசம்பரில் நேச்சர் இதழ் 42 அறிவியல் கட்டுரைகளை ஒப்பிட்டு, விக்கிபீடியாவில் கட்டுரைக்குச் சராசரியாக நான்கு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று என்று சொன்னது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை. 2007 ஜனவரியில் அமெரிக்காவின் மிடில்பரி கல்லூரியில் வரலாற்றுத் துறையினர், மாணவர்கள் விக்கிபீடியாவை மேற்கோள் காட்டக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில்தான் வாஷிங்டன் பல்கலைக்கழக நூலகத்தின் மின்தொகுப்புப் பிரிவு 2006 மே மாதத்தில் ஒரு வேலையைத் தொடங்கியது. தங்கள் தொகுப்புகளுக்குப் பொருத்தமான விக்கிபீடியா கட்டுரைகளைத் தேடிப் பிடித்து, அவற்றின் கீழே தொகுப்புக்கான சுட்டியைச் சேர்ப்பது. அவ்வளவுதான் திட்டம். பெரிய செலவு இல்லை, புது மென்பொருள் இல்லை. விக்கிபீடியா வழியாகத் தொகுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த அனுபவத்தை ஆன் லாலி, கரோலின் டன்போர்ட் என்ற இருவரும் 2007ல் டி-லிப் என்ற இணைய இதழில் கட்டுரையாக எழுதினார்கள். (அந்த இதழ் 2017ல் நின்றுவிட்டது.) அதைப் படித்துவிட்டு மற்ற நூலகங்களும் யோசிக்க ஆரம்பித்தன.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது, இல்லையா? ஆனால் விக்கிபீடியாவின் பக்கத்திலிருந்து கொஞ்சம் பாருங்கள்.

புதிதாக ஒரு பயனர் வருகிறார். வந்த முதல் நாளே இருபது கட்டுரைகளில் ஒரே தளத்துக்கான சுட்டியைப் போடுகிறார். வேறு ஒரு வரிகூட எழுதவில்லை. மருந்து விற்கிறவனும் இதைத்தான் செய்கிறான், சூதாட்டத் தளம் நடத்துகிறவனும் இதைத்தான் செய்கிறான். இதற்கு ஸ்பாம் என்று பெயர்; தமிழில் எரிதம் என்கிறார்கள். சொந்தத் தளத்தின் சுட்டியைத் தானே சேர்க்கக் கூடாது என்பது விக்கிபீடியாவின் வழிகாட்டுதல். நூலகர் என்பதற்காகத் தனிச் சலுகை கிடையாது. காவல் காக்கும் தன்னார்வலருக்குத் திரையில் தெரிவது ஒரு பயனர் பெயரும் இருபது சுட்டிகளும்தான். நோக்கம் நல்லதா கெட்டதா என்பது தெரியாது.

எரிதத் தொல்லை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2007 ஜனவரியில் ஆங்கில விக்கிபீடியா தன் வெளிச்சுட்டிகள் எல்லாவற்றுக்கும் நோஃபாலோ என்ற குறியைப் போட்டுவிட்டது. அதாவது, இந்தச் சுட்டிகளைக் கணக்கில் எடுத்துத் தளங்களுக்கு மதிப்பெண் போடாதே என்று தேடுபொறிகளுக்குச் சொல்வது. சுட்டி போட்டு கூகிளில் மேலே ஏறலாம் என்று வருபவர்களைத் தடுக்கத்தான். மனிதர்கள் அழுத்திப் போவதற்குத் தடை ஏதும் இல்லை.

ஆக நூலகர் முன்னால் ஒரு நேர்மையான கேள்வி நின்றது: விளம்பரத்துக்கும் சேவைக்கும் என்ன வித்தியாசம்? 'எங்களிடம் இருக்கிறது, வந்து பாருங்கள்' என்று சொல்வது விளம்பரம். 'இந்தப் படத்தில் இருப்பவர் இன்னார், இந்த ஆண்டில் இது நடந்தது, ஆதாரம் இங்கே' என்று கட்டுரைக்கே வலு சேர்ப்பது சேவை. முதலில் எழுது, பிறகு ஆதாரமாகச் சுட்டியைக் கொடு. நீ யார் என்பதைப் பயனர் பக்கத்தில் மறைக்காமல் சொல். கேள்வி கேட்டால் பேச்சுப் பக்கத்தில் பதில் சொல். இந்தப் பழக்கத்துக்கு வந்தவர்களை விக்கிபீடியர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

சுட்டி போதாது, படத்தையே கொடு

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தது ஜெர்மனி. அங்குள்ள கூட்டாட்சி ஆவணக் காப்பகம் (பூண்டஸ்ஆர்க்கிவ்) 2008 டிசம்பரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்களை விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுக் களஞ்சியத்துக்குக் கொடுத்தது. நீளவாக்கில் 800 புள்ளி அளவுள்ள சின்னப் படங்கள்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். காப்பகத்தின் பெயரையும் படம் எடுத்தவர் பெயரையும் போட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. 2009 மார்ச்சில் டிரெஸ்டன் நகரில் உள்ள சாக்சனி மாநில நூலகத்தின் புகைப்படப் பிரிவான டாய்ச்ச ஃபோட்டோதெக், இரண்டரை லட்சம் படங்கள் தருவதாக அறிவித்தது.

இதில் ஒரு சுவையான விஷயம் இருக்கிறது. பூண்டஸ்ஆர்க்கிவ் படங்களில் பல நாஜி ஆட்சியின் பிரச்சாரப் பிரிவு எடுத்தவை. பல கிழக்கு ஜெர்மனியின் அரசு செய்தி நிறுவனம் எடுத்தவை. படத்தின் பின்னால் அன்றைக்கு எழுதிய குறிப்பு அன்றைய அரசின் குரலில்தான் இருக்கும். அதைத் திருத்தினால் ஆவணம் கெட்டுப்போகும். திருத்தாவிட்டால் பொய் பரவும். என்ன செய்வது? பழைய குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு, இது தவறாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். உலகம் முழுக்க இருந்து ஆட்கள் வந்து பிழை பிடிக்க ஆரம்பித்தார்கள். இந்தப் படம் அந்த ஊர் இல்லை, இந்த டாங்கி அந்த வகை இல்லை, இவர் அவர் இல்லை, தேதி இடிக்கிறது... இதற்கென்றே தனிப் பக்கம் திறந்து பட்டியல் போட்டார்கள். படங்களில் இருப்பவர்களின் பெயர்களை ஜெர்மன் தேசிய நூலகத்தின் பெயர்ப் பட்டியலோடு தன்னார்வலர்கள் பொருத்தியும் கொடுத்தார்கள். காப்பக ஊழியர்கள் தனியாக உட்கார்ந்து செய்தால் எத்தனை வருடம் ஆகுமோ!

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. படங்களை எடுத்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் அந்தச் சின்ன நிபந்தனையைக்கூட மதிக்கவில்லை. பெயர் போடாமல் தளங்களில் போட்டார்கள், விற்கக்கூடச் செய்தார்கள். மனம் நொந்த காப்பகம் மேற்கொண்டு பெரிய அளவில் படம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. கொடுத்தவரைக்கும் கொடுத்தது அங்கேயே இருக்கிறது. திரும்பப் பெற முடியாது.

அதே சமயம் லண்டனில் எதிர்த் திசையில் ஒரு சண்டை. 2009ல் தேசிய உருவப்பட அருங்காட்சியகத்தின் தளத்திலிருந்து ஒரு அமெரிக்க மாணவர், டெரிக் கோட்சீ, 3,300 போல உயர்தரப் படங்களை இறக்கி காமன்ஸில் ஏற்றிவிட்டார். ஓவியங்களின் காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அவற்றை நாங்கள் எடுத்த புகைப்படத்துக்கு உரிமை எங்களுடையது என்றது அருங்காட்சியகம். அந்தப் படங்களை விற்று வரும் பணத்தில்தான் அடுத்த படங்களை ஸ்கேன் செய்கிறோம் என்றும் சொன்னது. வழக்கறிஞர் கடிதம் போனது. பழைய ஓவியத்தை அப்படியே நகல் எடுப்பதில் புதிய படைப்பு ஏது என்பது எதிர்வாதம். அமெரிக்காவில் 1999லேயே ஒரு நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருந்தது. லண்டன் சண்டை நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 2023 நவம்பரில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் வேறொரு வழக்கில், சொந்தப் படைப்புத் திறன் இருந்தால்தான் காப்புரிமை என்று தெளிவாகச் சொன்ன பிறகு, அருங்காட்சியகங்களின் பழைய வாதம் ரொம்பவே பலவீனமாகிவிட்டது.

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்பதைக் கவனியுங்கள். ஸ்கேன் செய்யப் பணம் வேண்டும், அது வானத்திலிருந்து வராது. ஆனால் மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் முன்னூறு வருடப் பழைய ஓவியத்தை மக்களுக்கே காட்ட மறுப்பதும் சரியாக இல்லை.

ஆளையே அனுப்பு

சண்டை போட்டுக் களைத்த இரு தரப்பும் பேசிப் பார்க்கலாம் என்று வந்ததன் விளைவுதான் 'உறைவிட விக்கிபீடியர்' என்ற வேலை. 2010 கோடையில் லியாம் வயட் என்ற ஆஸ்திரேலியர் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஐந்து வாரம் உட்கார்ந்தார். சம்பளம் கிடையாது. அருங்காட்சியகத்தைப் புகழ்ந்து எழுதுவது அவர் வேலை இல்லை. உள்ளே இருக்கும் நிபுணர்களையும் வெளியே இருக்கும் விக்கிபீடியர்களையும் அறிமுகப்படுத்தி வைப்பதுதான் வேலை. 1992ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் கிடைத்த ஹாக்ஸ்னி ரோமானியப் புதையல் பற்றிய கட்டுரையை இரு தரப்பும் ஒரே நாளில் ஒன்றாக உட்கார்ந்து வளர்த்தெடுத்தார்கள்.

2011ல் அமெரிக்காவின் தேசிய ஆவணக் காப்பகமும் ஒருவரை அப்படி நியமித்தது. அப்போது அதன் தலைவராக இருந்த டேவிட் ஃபெரியரோ அடிப்படையில் ஒரு நூலகர். எம்ஐடி, டியூக், நியூயார்க் பொது நூலகம் என்று வேலை பார்த்துவிட்டு வந்தவர். அடுத்த ஆண்டிலேயே ஒரு லட்சம் படங்களுக்கு மேல் காமன்ஸுக்குப் போயின.

2016ல் விக்கிபீடியாவின் 15ஆவது பிறந்தநாளை ஒட்டி இன்னொரு முயற்சி ஆரம்பித்தது. ஒரு நூலகர், ஒரு மேற்கோள் என்பது அதன் பெயரின் பொருள். உலகத்தில் உள்ள ஒவ்வொரு நூலகரும் விக்கிபீடியாவில் 'சான்று தேவை' என்று நிற்கும் ஏதோ ஒரு வரிக்கு ஒரே ஒரு ஆதாரம் சேர்த்தால் போதும். பத்து வருடத்துக்கு முன்னால் 'அந்தப் பக்கம் போகாதே' என்று மாணவர்களைத் தடுத்த அதே தொழில், இப்போது அங்கே போய்ப் பழுது பார்க்க ஆரம்பித்தது! யோசித்துப் பார்த்தால் இதுதான் இயல்பு. ஆதாரம் எங்கே என்று தேடிக் கொடுப்பதுதானே நூலகர்கள் காலம் காலமாகச் செய்துவரும் வேலை?

சின்ன மொழிக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கதையில் நமக்கு மிகவும் உறைக்க வேண்டிய பகுதி வேல்ஸ். அபரிஸ்துவித் நகரில் உள்ள வேல்ஸ் தேசிய நூலகம் 2015 ஜனவரியில் ஒரு விக்கிமீடியரை வேலைக்கு எடுத்தது. 2017ல் அதை நிரந்தரப் பதவியாகவே ஆக்கிவிட்டது. காப்புரிமை முடிந்த பொருளை ஸ்கேன் செய்ததால் மட்டும் அதற்குப் புது உரிமை கோர மாட்டோம் என்பது அந்த நூலகத்தின் கொள்கை. ஜான் தாமஸ் (1838-1905) என்ற புகைப்படக்காரர் 19ஆம் நூற்றாண்டில் ஊர் ஊராகப் போய் எடுத்த கண்ணாடித் தகடுப் படங்கள் இப்படித்தான் காமன்ஸுக்கு வந்தன. தேவாலயங்கள், பாதிரியார்கள், கடைத்தெரு, வீட்டு வாசலில் நிற்கும் சாதாரண மனிதர்கள். ஆங்கிலத்தின் நிழலில் இருக்கும் வெல்ஷ் மொழி விக்கிபீடியாவுக்கு இது பெரிய பலம். சொந்த ஊரைப் பற்றிச் சொந்த மொழியில் படிக்கும் ஒரு வெல்ஷ் சிறுவனுக்குத் தாத்தாவின் தாத்தா காலத்துப் படம் அதே பக்கத்தில் கிடைக்கிறது.

தமிழிலும் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. தமிழ்நாடு அரசின் தமிழ் இணையக் கல்விக்கழகம் வழியாக, நாட்டுடைமையாக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் 2016 வாக்கில் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. ஸ்கேன் செய்த பக்கங்களை எழுத்துணரி வழியாக எழுத்தாக மாற்றி, தன்னார்வலர்கள் ஒவ்வொரு பக்கமாகப் பிழை திருத்தும் வேலை நடந்து வருகிறது. ஸ்கேன் படத்துக்குள் இருக்கும் சொல்லைத் தேடுபொறியால் எளிதில் பிடிக்க முடியாது. எழுத்தாக மாறிவிட்டால் ஒரு வரியைத் தேடினாலே புத்தகம் கிடைக்கும்.

கடைசியாக

இந்த மாற்றத்தில் நூலகங்கள் ஒன்றை இழந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. இழந்தது கட்டுப்பாடு. முன்பு ஒரு படம் வேண்டுமென்றால் விண்ணப்பம் எழுத வேண்டும், யார், எதற்கு என்று சொல்ல வேண்டும். இப்போது யார் எடுத்தார், என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது. சிலர் பெயர் போடாமல் திருடுகிறார்கள். சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள். ஜெர்மன் காப்பகத்தின் வருத்தம் பொய்யில்லை.

பதிலுக்குக் கிடைத்தது என்ன? பிழை திருத்த ஆயிரம் கண்கள். வாசல் வரைக்கும் வரவே வழியில்லாத வாசகர்கள். சியாட்டிலுக்கு விமானம் ஏறவே முடியாத ஒரு மாணவன் சில்கூட் கணவாயின் பனியில் நிற்கும் அந்த வரிசையைப் பார்க்க முடிவது.

எதுவுமே வெளியே போகாமல் பத்திரமாக இருந்தால் இழப்பு இல்லை என்று தோன்றும். ஆனால் யாரும் பார்க்காத தொகுப்புக்கு ஒரு ஆபத்து உண்டு. பட்ஜெட் குறையும் ஆண்டில் முதலில் வெட்டு விழுவது அதன் மேல்தான். அதற்காகக் குரல் கொடுக்க, அதைப் பார்த்தவர் என்று யாரும் இருக்க மாட்டார்கள்.

அடுத்த முறை விக்கிபீடியாவில் ஒரு பழைய படத்தைப் பார்த்தால் அதன் மேல் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். எந்த நூலகம், எந்தக் காப்பகம், யார் எடுத்தது என்று இருக்கும். அந்த இரண்டு வரி அங்கே வந்து சேர்வதற்குப் பின்னால் சில வருடச் சண்டையும் சமாதானமும் இருக்கிறது. அந்தப் படத்தை உங்கள் புராஜெக்டில் ஒட்டும்போது தயவுசெய்து அந்த இரண்டு வரியையும் சேர்த்து ஒட்டுங்கள்.